களப்பில் பழகிய கால்கள்

தண்ணீரில் என்னைச் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த என் கணவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இவளுக்கு என்ன வந்தது என்பது போலப் பார்த்தார். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, நடக்கப் பழகுமுன்னரே களப்பின் ஆழமில்லாத உப்புத் தண்ணீரில் இருத்திவிடப்பட்ட ஒருத்திக்கு வள்ளம் வலிக்கத் தெரியுமா என்று பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் வருகிறதாம். சிரிக்காமல் என்ன செய்வது?

நான் செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். முரசுமோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் எடுத்து, இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு குளம் வரும். இரணைமடு அளவுக்குப் பெரியதல்ல. ஆனாலும் இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் மறுகரைக்குக் கேட்காது. சில வருடங்களுக்கு முன்னர் அந்த ஊர்ச் சங்கம் மஞ்சளும் சிவப்புமாகப் பிளாஸ்ரிக் வள்ளங்களைக் கொண்டுவந்து அங்கே இறக்கியது. கயாக் என்கிறார்கள். மேலே உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தகடு உள்ள துடுப்பால் வலிக்க வேண்டும். வள்ளங்கள் வந்துவிட்டன, அவற்றை விடப் பழக்குவதற்குத்தான் ஆள் இல்லை. சுற்றுவட்டாரம் முழுவதும் வயல்காரர். முரசுமோட்டையில் ஒரு கடற்கரைப் பெண் கலியாணம் கட்டி வந்திருக்கிறாள் என்று யாரோ சொல்ல, என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார்கள்.

அன்றிலிருந்து அந்தக் குளத்தில் எல்லாரையும் தண்ணீரில் இறக்கியவள் நான்தான். கொழும்பிலிருந்து வந்து துடுப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறவர்கள், கனடாவிலிருந்து லீவில் வந்து வெயிலில் வெந்து போகிறவர்கள், சனி ஞாயிறில் ஒழுங்காகப் பழக வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் நான் ரீச்சர்.

இந்த ஒரு சொல்லை நான் இலேசாகச் சொல்லவில்லை. கணவர் வீட்டார் நல்லவர்கள்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து குடியேறி, வாய்க்கால் தண்ணீரில் நெல் விளைவித்துத் தலையெடுத்த குடும்பம். அந்த வீட்டுக்குள் நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாத மருமகளாக நான் போனேன். மாமி இன்றைக்கும் வயலில் ஒரு வேலையையும் என்னை நம்பித் தரமாட்டா. என் மீன்குழம்பை மட்டும் நம்புவா. இத்தனை வருடமாகியும் அந்த வீட்டில் நான் பாதி விருந்தாளி. குளத்தில் மட்டும்தான் நான் யார் என்று எனக்கே தெரிந்தது. அதைத்தான் இப்போது பிடுங்கப் பார்க்கிறார்கள். வருகிற பருவத்திலிருந்து பயிற்றுநர் சான்றிதழ் இல்லாத எவரும் ஆட்களைத் தண்ணீரில் கொண்டுபோகக் கூடாதாம். சான்றிதழ் இல்லையென்றால் வள்ளம் கழுவலாம், நனைந்த மிதவை ஜக்கெற்றுகளைக் காயப்போடலாம்.

சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது.

"வயல் உழுகிற ஆளிட்டை உழவுக்குச் சேட்டிபிக்கற் ஆரும் கேட்டவையோ?" என்று கணவரிடம் பாய்ந்தேன்.

"ட்ரக்டர் ஓட லைசென்ஸ் கேக்கினம்தானே," என்றார் அவர்.

அவருடைய குறையே இதுதான். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். அதையும் மெதுவாகச் சொல்லி ஆளை இன்னும் எரிச்சலாக்குவார்.

சிறுபோக விதைப்பு முடிந்த கையோடு பயிற்சி தொடங்கியது. ஒரு கிழமைப் பயிற்சி, கடைசி நாள் சோதனை. வேறு ஊர்களிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். பழக்க வந்தவளைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. இவளோடு கோபித்து என்ன பயன் என்று தோன்றியது. என் மூத்த மகளைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். தொப்பி, கழுத்தில் விசில், மூக்கில் வெள்ளையாகக் கிறீம். கல்யாண வீட்டுக்கு மாவரைத்துவிட்டு முகம் கழுவாமல் வந்தவள் போல இருந்தாள். தான் நீந்தப் பழகியது யாழ்ப்பாணத்தில் ஒரு நீச்சல் தடாகத்தில் என்று முதல் நாளே சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமே இல்லை. பிறகு திருகோணமலையில் கடல், அதற்குப் பிறகு வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு படிப்பு.

தடாகத்தில் பழகியவள் எனக்கு வகுப்பெடுக்கப் போகிறாள். சிலுவை போட்டுக்கொண்டு வள்ளத்தில் ஏறினேன். முதல் நாள் எல்லாரையும் ஒரு சுற்று வலித்துவரச் சொன்னாள். நான் போய்த் திரும்பி வந்து, வள்ளத்தைக் கரையில் இழுத்துப் போட்டு, கூந்தலை அவிழ்த்துத் திரும்பக் கட்டி முடித்த பிறகுதான் அடுத்த ஆள் வந்து சேர்ந்தார்.

"அன்ரி, வலிக்கிறதிலை உங்களுக்குச் சொல்லித்தர என்னட்டை ஒண்டும் இல்லை," என்றாள்.

அது அவள் தோல்வியை ஒப்புக்கொண்டது என்று எடுத்துக்கொண்டு நான் தலையை ஆட்டினேன். அவள் முடிக்கவில்லை.

"ஆனால் நான் பாக்க வந்தது நீங்கள் வலிக்கிறதை இல்லை. படிப்பிக்கிறதை."

அடுத்த நாள் பின்னேர வகுப்பை ஒத்திவைக்கச் சொல்லி நான் நின்றுபிடித்தேன். சோளகக் காற்று எழும்பப் போகிறது, வள்ளங்களைத் தூக்கி அடிக்கும் என்று அடித்துச் சொன்னேன். அவள் போனைப் பார்த்தாள். காற்று இல்லை என்று அது சொன்னது. எனக்குப் போனைவிடக் குளத்தைத் தெரியும் என்றேன். சரி என்று எல்லாரையும் மருதமர நிழலில் இருத்திவிட்டாள். இருந்தோம், இருந்தோம், ஓர் இலைகூட அசையவில்லை. கொக்கு ஒன்று எங்களுக்கு முன்னால் வந்து நின்று தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பயிற்சிக்கு வந்தவர்கள் எனக்குக் கேட்கக்கூடியதாகவே கொட்டாவி விட்டார்கள். காற்றுக்கு அன்று லீவு போல என்று நானே சொல்லிச் சிரித்து வைத்தேன்.

கிழமை நடுவில்தான் சங்கதி தொடங்கியது. வள்ளம் கவிழ்ந்தால் என்ன செய்வது என்கிற பாடம். விதி ஒன்றுதான், வள்ளத்தை விடாதே. கவிழும்போதே ஒரு கை அதன் பக்கத்தில் ஓடுகிற கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். வள்ளத்தோடு சேர்ந்து விழுந்து, பிடித்த பிடியோடு அதை நிமிர்த்தி, வயிற்றால் ஏறித் திரும்ப உட்கார வேண்டும். நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவள் ஒவ்வொருவரையாகக் கவிழ்த்தாள். என் முறை வந்தது. விளிம்பைப் பிடித்து அமுக்கினாள். கண் மூடித் திறப்பதற்குள் நான் தண்ணீரில் நேராக நின்றுகொண்டிருந்தேன். தலைமயிர்கூட நனையவில்லை. வள்ளம் எனக்குப் பின்னால் சும்மா ஆடிக்கொண்டு கிடந்தது.

"அன்ரி, வள்ளம் கவிழேல்லை."

"கவிழமுன்னம் இறங்கிட்டன் பிள்ளை. அதுதானே கெட்டித்தனம்!"

"நீங்கள் வள்ளத்தை விட்டிட்டீங்கள்."

திரும்ப ஏறினேன். திரும்ப அமுக்கினாள். திரும்பவும் நின்றுகொண்டிருந்தேன். அன்று எத்தனை தரம் ஏறினேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் என் கால்கள் என்னைக் கேளாமலே இறங்கிவிட்டன.

இதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர்க் களப்பு நந்திக்கடல். அந்தப் பெயரைக் கேட்டால் வெளியூர்க்காரருக்கு யுத்தத்தின் கடைசி நாட்கள் நினைவு வரும். எனக்கும் வரும்தான். ஆனால் முதலில் எனக்கு வருவது இறால். அம்மாவும் சின்னம்மாக்களும் களப்பில் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று, கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அந்தக் களப்பு பார்வைக்குக் கடல் போல விரிந்து கிடக்கும், ஆனால் ஆழம் இல்லை. பெரும்பாலான இடங்களில் எழுந்து நின்றால் கால் நிலத்தில் முட்டும். அதனால் வள்ளத்தில் எது நடந்தாலும் எங்களுக்கு ஒரே மருந்துதான். வள்ளம் ஆடுகிறதா, இறங்கு. சேற்றில் ஏறிவிட்டதா, இறங்கு. காற்று திருப்புகிறதா, இறங்கிப் பிடி. "இறங்கடி!" என்று அம்மா கத்தி முடிக்குமுன் நாங்கள் வள்ளத்துக்கு வெளியே நின்று அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருப்போம். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள்கூட இப்படிச் செய்யமாட்டார்கள். களப்புப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இந்தப் புத்தி.

இதையெல்லாம் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். கவனமாகக் கேட்டாள்.

"இந்தக் குளத்திலை நடுவிலை எவ்வளவு ஆழம் அன்ரி?"

"ஆள் தாழும்."

"கீழை என்ன கிடக்கு?"

"கட்டையள்," என்றேன். அணையை உயர்த்தியபோது தண்ணீருக்குள் போன காட்டின் அடிமரங்கள் இன்னும் அங்கே குத்திக்கொண்டு நிற்கின்றன. "அதுக்கு? ஆழத்திலை நான் ஏன் குதிக்கப் போறன்? எனக்கு ஆழம் எது, ஆழமில்லாதது எது எண்டு தெரியாதோ?"

"உங்களுக்குத் தெரியும்," என்றாள். அதோடு விட்டுவிட்டாள். வாய்க்கு வாய் கொடுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள், நான் முன்னர் பழக்கியவர்களைப் பார்க்க வேண்டும் என்றாள். எனக்குச் சந்தோசம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிற இரண்டு இளம் பெண்களைக் கூப்பிட்டேன். போன வருடம் என்னிடம் பழகியவர்களில் கெட்டிக்காரிகள் அவர்கள்தான். இருவர் இருந்து வலிக்கிற நீண்ட வள்ளத்தில் ஏறி, ஒரே சீராகத் துடுப்புப் போட்டுக் குளத்தின் நடுப்பக்கம் போனார்கள். நானும் அவளும் ஆளுக்கொரு வள்ளத்தில் பின்னால் போனோம். "பாத்தீரோ, ஆர் பழக்கினது?" என்று அவளிடம் கேட்டேன். பெருமைதான், மறைக்கவில்லை.

அப்போது காற்று வந்தது. முந்தைய நாட்களில் வராத காற்று, காட்டுப் பக்கத்திலிருந்து ஒரேயொரு அடி. பெரிய காற்றும் இல்லை. அந்தப் பெண்களின் வள்ளம் பக்கவாட்டில் ஒருமுறை ஆடியது, அவ்வளவுதான். சும்மா இருந்திருந்தால் தானாக நின்றிருக்கும். அவர்கள் இருக்கவில்லை. ஒருத்தி இடப்பக்கம், ஒருத்தி வலப்பக்கம், கால்களை முன்னால் விட்டு, முதுகை நேராக வைத்து, அழகாக இறங்கினார்கள். என்னை நானே தூரத்தில் நின்று பார்த்த மாதிரி இருந்தது.

பாரம் குறைந்த வள்ளத்தைக் காற்று வாங்கிக்கொண்டு போனது. ஜக்கெற் போட்டிருந்ததால் இரண்டு பேரும் மிதந்தார்கள். முதலில் சிரித்தார்கள்கூட. பிறகு நிலம் தேடிக் கால்களை நீட்டினார்கள். எனக்கு அருகில் இருந்தவளின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்த நேரத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோய், வாய் திறந்து, கைகள் தண்ணீரை அடிக்கத் தொடங்கின. அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். மற்றவள் ஏதோ கட்டையில் இடிபட்டு அலறினாள்.

நான் என் ஆளிடம் போய் வள்ளத்தின் முனையைப் பிடிக்கக் கொடுத்தேன். பழக்க வந்தவள் மற்றவளிடம் போனாள். இரண்டு பேரையும் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். ஒருத்தியின் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது, வேறொன்றும் இல்லை. துவாயைக் கொடுத்துவிட்டுப் பழக்க வந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஆழத்திலை இறங்கச் சொல்லி ஆர் சொல்லித் தந்தது?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "ஒருத்தரும் சொல்லேல்லை," என்றாள் காயப்பட்டவள். "ரீச்சர் அப்பிடித்தானே செய்யிறவா."

எனக்கு வெட்கம் வந்தது என்று எழுதினால் வாசிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். உண்மையில் எனக்கு வந்தது கோபம். அந்தப் பெண்கள் மீது, அந்தக் கேள்வியைக் கேட்டவள் மீது, எல்லாவற்றுக்கும் மேலாக என் இரண்டு கால்கள் மீதும். கரையோரமாக வகுப்பு நடத்தும்போது பழகுகிறவர்களின் வள்ளம் ஆடினால் நான் என் வள்ளத்திலிருந்து இறங்கிப் போய் அதைப் பிடிப்பேன். ஒரு வகுப்பில் பத்து முறையாவது இறங்குவேன். அப்போதெல்லாம் என் வாய், "பயப்பிடாதேங்கோ, ஆடாமல் இருங்கோ" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் காதால் அதைக் கேட்டுவிட்டு, கண்ணால் வேறொன்றைப் படித்திருக்கிறார்கள். எத்தனை பிள்ளைகளை இப்படி அனுப்பியிருப்பேன் என்று விரல் மடித்து எண்ணினேன், விரல்கள் போதவில்லை.

அன்று பின்னேரம் அவள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். சோதனையில் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். தண்ணீரே பழகாத ஓர் ஆளை நானே கூட்டிவர வேண்டும். அந்த ஆளை வள்ளத்தில் ஏற்றி, வலிக்கப் பழக்கி, ஆழமான இடத்தில் வள்ளத்தோடு கவிழ்ந்து, அவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பிவர வேண்டும்.

"நீங்கள் வள்ளத்தை விட்டால் நான் பாஸ் போடமாட்டன் அன்ரி. சும்மா தாறதுக்கு எனக்கு மனம் வராது."

"சும்மா தரச்சொல்லி நான் கேட்டனானோ?"

"இல்லை," என்று சிரித்தாள். பிறகு, "எனக்கும் உங்களிட்டை ஒண்டு கேக்க இருக்கு," என்றாள். பயந்தவர்களை நான் எப்படி முதலே கண்டுபிடிக்கிறேன் என்று கேட்டாள். அதை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

அது ஒன்றும் இரகசியம் இல்லை. கரையில் நின்று அதிகமாகப் பகிடி விட்டு எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஆள்தான் அதிகமாகப் பயந்தவர். அவரைக் கடைசியில் ஏற்ற வேண்டும். அதுவரைக்கும் துடுப்புகளைத் தூக்கித் தரச்சொல்லி ஏதாவது வேலை கொடுத்து வைத்திருக்க வேண்டும். இதை அவளுடைய புத்தகத்தில் யாரும் எழுதவில்லை போலிருக்கிறது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் தூக்கிக் குளத்தில் எறிந்துவிட வேண்டும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் இறங்குகிற அந்த ஒரு பழக்கத்தை மாற்றாமல் தண்ணீரில் ஒரு பிள்ளையையும் இறக்கமாட்டேன் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். சான்றிதழ் தந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி.

மற்றவர்கள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் தண்ணீரில் நின்றோம். அவள் கவிழ்ப்பாள், நான் குதிப்பேன். குதிக்காதே, குதிக்காதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே குதிப்பேன். நாய்வாலை நிமிர்த்தலாம், உன் காலை நிமிர்த்த முடியாது என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

"காலைப் பற்றி யோசியாதேங்கோ அன்ரி," என்றாள் கடைசியில். "கைக்கு வேலை குடுங்கோ. கயித்தைப் பிடிக்கிறதை மட்டும் நினையுங்கோ."

அதற்குப் பிறகு சில தரம் சரிவந்தது, சில தரம் பிழைத்தது. நம்பிப் போகக்கூடிய கணக்கு இல்லை.

பழகாத ஆளுக்கு நான் முதலில் என் மச்சாளை, கணவரின் தங்கையைக் கேட்டேன். கைகொட்டிச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமியைக் கேட்கிற துணிவு எனக்கு இல்லை. மிஞ்சியது கணவர். அவருக்கு நீந்தத் தெரியாது. வரம்பில் நின்று வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிடுவதோடு அவருடைய தண்ணீர் உறவு முடிந்துவிடும். இத்தனை வருடத்தில் ஒருநாளும் என் வள்ளத்தில் ஏறியதில்லை, நானும் ஏற்ற நினைத்ததில்லை.

"எனக்கு வயலிலை இருக்கிற தண்ணி காணும்," என்றார்.

"இஞ்சாருங்கோ, நான் பெயில் விட்டால் அடுத்த மாசத்திலையிருந்து முழு நாளும் வீட்டிலைதான் நிப்பன்."

"அப்ப வாறன்," என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு விடுதலை இல்லை. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வைத்தும் பாடம் நடத்தினேன். கயிறு எங்கே இருக்கும், எந்தக் கையால் பிடிக்க வேண்டும், மூச்சை எப்போது அடக்க வேண்டும், நிமிர்த்துவது எப்படி, ஏறுவது எப்படி. எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார். மீனைக் கொஞ்சம் போடச் சொன்னார். மாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பொல்லாத விளையாட்டு," என்று சொல்லி அவருடைய நெற்றியில் திருநீறு பூசிவிட்டா. பிறகு கொஞ்சம் யோசித்து எனக்கும் பூசினா.

சோதனை அன்று காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு அவர் அவளிடம் ஒரு கேள்விதான் கேட்டார்.

"பிள்ளை, முதலை இருக்கோ?"

அவள் என்னைப் பார்த்தாள். "அதுகள் காட்டுப் பக்கத்து மூலையிலை, இஞ்சாலை வாறேல்லை," என்றேன். அவர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு பகிடியும் விடவில்லை. பயந்தவர்கள்தான் அதிகமாகப் பகிடி விடுவார்கள் என்ற என் கணக்கு அன்று அவரிடம் பலிக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மனுஷன் நன்றாகப் பயந்திருந்தார்.

பாரம் கூடிய ஆள் பின்னால் இருக்க வேண்டும். அதனால் அவரைப் பின்னால் இருத்தி நான் முன்னால் இருந்தேன். துடுப்பைப் பிடிக்கிற விதம் சொன்னேன். மண்வெட்டி பிடிப்பது போலப் பிடித்தார். திருத்தினேன். கொஞ்சத் தூரம் போனதும் இரண்டு பேருடைய வலிப்பும் ஒன்றாகச் சேர்ந்தது. வள்ளம் வழுக்கிக்கொண்டு போனது. நான் நினைத்ததைவிட நன்றாகச் செய்தார். அதை அப்போதே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

ஆழப் பக்கத்துக்கு வந்தோம். அவள் தன் வள்ளத்தில் எங்களுக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். எப்போது கவிழ்ப்பாள் என்று சொல்லமாட்டாள். வலக்கையால் துடுப்பை மடியில் வைத்து, இடக்கையால் பக்கக் கயிற்றைச் சுற்றிப் பிடித்தேன். கயிறு, கயிறு, கயிறு. வேறொன்றையும் நினைக்கவில்லை.

அவள் கை நீட்டி விளிம்பை அமுக்கினாள்.

என் வலது கால் எழும்பியது. அதை நான் உணர்ந்தேன். வெளியே போக வேண்டும் என்று தொடை இறுகியது. கை விடவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் என் காலும் கையும் இழுபட்டது வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. பிறகு வானம் பக்கவாட்டில் சரிந்து, தண்ணீர் காதுக்குள் புகுந்தது.

தலை தண்ணீருக்குள் போனது. என் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரில் இருந்திருக்கிறேன். ஆனால் நான் கேளாமல் தண்ணீர் என்னை உள்ளே எடுத்தது அன்றுதான். கால்கள் நிலத்தைத் தேடின, அங்கே நிலம் இல்லை. நான் பயந்தேன். அந்தப் பெண்ணின் முகத்தில் பார்த்த அதே பயம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கையில் கயிறு மட்டும் இருந்தது.

ஜக்கெற் என்னை மேலே தூக்கியது. இருமிக்கொண்டு பார்த்தேன். வள்ளம் அடிப்பக்கம் மேலாக மினுங்கிக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தது. அவரைக் காணவில்லை. "இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன். வள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து தும்மல் சத்தம் கேட்டது.

"இஞ்சைதான் நிக்கிறன். இப்ப என்ன செய்யிறது?"

என் ரீச்சர் குரல் எனக்குத் திரும்பி வந்தது. செய்ய வேண்டியதைச் சொன்னேன். நான் அந்தப் பக்கம் போய் அவருக்குப் பக்கத்தில் மிதந்து, இரண்டு பேரும் சேர்ந்து வள்ளத்தை நிமிர்த்தினோம். அவரை முதலில் ஏற்றினேன். வயிற்றால் ஏறும்போது வேட்டியில்லாமல் அரைக் காற்சட்டையோடு அவர் தத்தளித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. சோதனை. பிறகு நான் ஏறினேன். துடுப்புகளை எடுத்துக்கொண்டு நேராகக் கரைக்கு வலித்தோம். அவர் ஒருமுறைகூடத் துடுப்பைப் பிழையாகப் போடவில்லை.

கரையில் அவள் தொப்பியைக் கழற்றினாள். கிறீம் எல்லாம் கரைந்து மூக்கு கறுத்திருந்தது. "பாஸ் அன்ரி," என்றாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் ஈரத்தோடு அவளையும் நனைத்துவிட்டேன். பாரும் பிள்ளை, களப்புக்காரி வெண்டிட்டாள் என்று சொன்னேன். ஓம் என்றாள்.

அவர் மருதமரத்தடியில் இருந்து காதுக்குள் போன தண்ணீரை எடுத்துக்கொண்டிருந்தார். நான் துவாயோடு போய்ப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்தீங்களோ, சோத்துக் கோப்பைக்கு முன்னாலை வைச்சுச் சொன்னது எவ்வளவு உதவினது?"

"நீர் சொன்னது ஒண்டும் எனக்கு ஞாபகம் வரேல்லை," என்றார். "வள்ளம் சரியேக்கை உம்மடை கையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். அது கயித்தை விடேல்லை. நானும் விடேல்லை."

காதை ஒரு பக்கம் சாய்த்துத் தட்டினார். தண்ணீர் வரவில்லை.

"குதிச்சிருந்தால் நானும் பின்னாலை குதிச்சிருப்பன்."

சாதாரணமாகத்தான் சொன்னார், அடுத்த தண்ணீர் முறை எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று சொல்கிற அதே குரலில். நான் அவருடைய தலையைத் துடைக்கத் துவாயை எடுத்தேன். அப்போதுதான் என் இடக்கையில் கயிறு பதிந்த சிவப்புத் தடத்தைக் கண்டேன்.